பேச்சுத்திறன் எட்டு

ஜூன் 8, ஞாயிறு

என் மந்திரவாதி இன்று காலமானார். குருட்டு டிராகன் ஒன்று உறங்கும் பள்ளத்தின் விளிம்பில் நின்று, அதைச் சத்தமில்லாமல் எப்படிக் கடப்பது என்று தோழர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த டிராகன் காதை வைத்துத்தான் வேட்டையாடும். இதையும் அவரேதான் விளக்கினார். மூன்றாவது காரணத்துக்கு வந்தபோது டிராகன் வந்துவிட்டது.

நான் வீட்டில் இல்லாதபோது இந்த நாட்குறிப்பை என் மனைவி படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவது பல் பிடுங்க அல்ல. டாக்டர் நிலோஃபரின் பல் மருத்துவமனை அன்று விடுமுறை. அதன் வரவேற்பறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை ஆடுகிறோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். காட்டில் என்ன நடக்கிறது என்று நிலோஃபர் சொல்வார். எங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாங்கள் சொல்வோம். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நிலோஃபரை நாங்கள் நடுவர் என்று அழைக்கிறோம். அந்தப் பெயரை வைத்தவர் வக்கீல் சென்னியப்பன். அவரும் நானும் பட்டிமன்றங்களில் எதிரெதிர் அணியில் பேசியே தலை நரைத்தவர்கள். பூதங்களிடம் உயிர்ப்பிச்சை கேட்கும்போதுகூட அவர் "நடுவர் அவர்களே!" என்றுதான் ஆரம்பிப்பார். பூதங்கள் பெரும்பாலும் விட்டுவிடும்.

சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அவருடைய பாத்திரம் ஒரு பாணன், நாவன்மையே ஆயுதம். அந்தப் பாணன் ஊர்ச் சத்திரத்தில் காய்ச்சலாகப் படுத்திருப்பதாகக் கதையில் சொல்லிவைத்திருக்கிறார் நடுவர். நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

எனக்குப் புதுப் பாத்திரம் வேண்டும். அதற்கும் சென்னியப்பனுக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ரேஞ்சர் என்று முடிவு செய்துவிட்டேன். காட்டில் தடம் பார்ப்பவன், வில்லாளி, தனியாகத் திரிபவன்.

விதிப்புத்தகத்தின் சில பக்கங்களை நகலெடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடைப் பெண் தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், ஃபாரஸ்ட் ரேஞ்சர் பரீட்சைய உங்க வயசுல எழுத விடுவாங்களா?" என்றாள். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றேன். வாழ்த்துச் சொல்லி நகலை ஸ்டேப்பிள் போட்டுக் கொடுத்தாள்.

விதிப்புத்தகம் என்னை அசரவைக்கிறது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பேரரசுகளின் சட்டதிட்டங்களைப் படித்தவன். எந்தப் பேரரசும் இவ்வளவு தூரம் யோசித்ததில்லை. இருட்டில், ஈர நிலத்தில், ஒரு கை கட்டப்பட்ட நிலையில் ஏணி ஏறுவதற்கு இதில் விதி இருக்கிறது. மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பேச்சு போனவன் என்ன செய்யலாம் என்றுகூட ஒரு பத்தி இருக்கிறது. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

ஜூன் 11, புதன்

சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். எப்போதும்போல.

அவருக்கு மிச்சமிருப்பது ஒரே சொல்: அப்புறம். தண்ணீருக்கும் அதுதான், மின்விசிறிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். நாம் பேசுவது முழுக்கப் புரிகிறது. வாயில் வருவது மட்டும் அது. மூன்று மணிநேரம் குறிப்பில்லாமல் பேசிய மனிதர்.

நான் வாசலில் நின்றிருந்தபோது உள்ளிருந்து "அப்புறம்" என்று ஒரு குரல். தனபாக்கியம், அவர் மனைவி, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். இன்னொரு "அப்புறம்". போய்க் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. செப்பேட்டில் பாதி எழுத்து தேய்ந்திருந்தால் நாங்கள் கருத்தரங்கு நடத்துவோம். இவள் ஒற்றைச் சொல்லில் ஒரு அகராதியே வாசிக்கிறாள், அடுப்பில் பால் பொங்காமலும் பார்த்துக்கொள்கிறாள்.

நான் அறைக்குள் நுழைந்து, "என்ன வக்கீலே, எதிரணி வந்திருக்கேன்" என்றதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மழை, கல்லூரி, வரப்போகும் திருவிழாப் பட்டிமன்றம் என்று முதுகுடன் வெகுநேரம் பேசினேன்.

கிளம்பும்போது தனபாக்கியம் கேட்டுவரை வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. கோர்ட்டு ஆளுக வந்தா உக்காந்திருக்காரு. பால்காரருகிட்டக்கூட சிரிக்கிறாரு. உங்க சத்தம் கேட்டாத்தானுங்க செவுத்தப் பாத்துக்கிறாரு."

"களைப்பா இருக்கும்மா."

"அப்படியே வெச்சுக்கலாமுங்கண்ணா" என்றாள்.

ஜூன் 14, சனி

காலையில் விடைத்தாள் திருத்தினேன். பானிபட் யுத்தத்தை ஒரு மாணவன் பானிபூரியோடு சேர்த்திருந்தான். இரக்கப்பட்டேன்.

மாலையில் பாத்திரத்தின் ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டினேன். உடல்வலு, வேகம், தாங்குசக்தி, அறிவு, மதிநுட்பம், பேச்சுத்திறன். எந்த எண்ணை எதற்கு வைப்பது என்பது நம் விருப்பம். மிக உயர்ந்ததாக வந்தது பதினேழு, தாழ்ந்தது எட்டு. பதினேழை மதிநுட்பத்துக்கு வைத்தேன். காட்டின் நடமாட்டம், விலங்கின் மனம், எதிரே இருப்பவர் சொல்லாமல் விட்டது எல்லாம் அதில் அடங்கும்.

எட்டைப் பேச்சுத்திறனுக்கு வைத்தேன். இதுவரை நான் ஆடிய எந்தப் பாத்திரத்துக்கும் அது பதினாறுக்குக் கீழே இருந்ததில்லை. அதை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பேனாவில் மை சரியாக வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை. என் பாத்திரத்தைச் சரிபார்க்கும் கூட்டம். மூன்றாவது ஆட்டக்காரரான ஜெரால்டு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் விற்பனை மேலாளர். அவருடைய பாத்திரம் இரும்புக் கவசம் பூண்ட குள்ளன். விதிகளை அவர் மோட்டார்களைப் போலவே பார்க்கிறார்: எவ்வளவு இழுக்கும், எவ்வளவு கரன்ட் தின்னும்.

"சார், ரேஞ்சர் ஓகே. அதுல எதுக்கு விலங்குத் துணை? கூடவே ஒரு மிருகத்தக் கூட்டிட்டுத் திரியறது, இருக்கறதுலயே வீக்கான வகை அதுதான். வில்ல எடுங்க, ரெண்டே அடியில ஆள் காலி."

வேறு தொழிலும் கலக்கப்போகிறேன் என்றேன். இந்த விளையாட்டில் ஒரே பாத்திரம் இரண்டு தொழில் படிக்கலாம். ஒன்றில் சில படிகள், மற்றதில் சில படிகள். ஐந்து படி ரேஞ்சர், மூன்று படி வனத்துறவி.

ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டார். "வனத்துறவியா? எதுக்குங்க சார்?"

"விலங்கோட மனசு தெரியும். வாய் திறக்காமலே அதுகூடப் பேசிக்கலாம். குருட்டு டிராகனுக்கு அதுதான் சரி. சத்தம் வராது."

"அதுக்கு மூணு படிய வீணடிக்கறதா? ஒரு எச்.பி. மோட்டார ரெண்டாப் பிரிச்சு ரெண்டு கெணத்துல போட்ட மாதிரி இருக்குதுங்க."

நிலோஃபர் கையை நீட்டினார். தாளை வாங்கிப் படித்தார். பேச்சுத்திறன் எட்டில் விரல் நின்றது. அப்புறம் மேஜையின் மறுபுறம் இருந்த காலி நாற்காலியை ஒருமுறை பார்த்தார்.

"விலங்கை யார் சார் ஆடறது? நீங்களேவா?"

அது நடுவர் முடிவு செய்ய வேண்டியது என்றேன்.

"சரி, நான் தனபாக்கியம் அக்காகிட்டப் பேசறேன்" என்றார்.

எதற்காக என்று நான் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த பல் செட் மாதிரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்தும் மோட்டார் ஏற்றவில்லை. மேல் தொட்டி காலி. ஜெரால்டின் கம்பெனி மோட்டார்தான்.

ஜூன் 19, வியாழன்

விலங்கு: சிறுத்தை. ஓநாயைவிட வலு குறைவு, ஆனால் கால் வைப்பது கேட்காது. அதற்கென்று தனிச் சீட்டு எழுதி, சின்னச் சிறுத்தைப் பொம்மை ஒன்றும் வாங்கி, புள்ளிகளுக்கு நானே வண்ணம் தீட்டினேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வண்ணம் காயும் நேரத்தில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. மேடையில் சென்னியப்பன் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் மைக்கைப் பிடித்தபடி சும்மா நிற்பார். கூட்டம் அடங்கும். சுண்டல் கடைக்காரர் கரண்டியை வைத்துவிடுவார். குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். எதிரணியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்போதே தெரிந்துவிடும், தோற்றாயிற்று என்று. அதை அவருடைய தந்திரம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

திரும்பும்போது காரில் சண்டை. மேடையில் விட்டதையெல்லாம் காரில் பிடிப்பேன். அவிநாசி தாண்டும்வரை நான் பேசுவேன். அவர் வீட்டு வாசலில் இறங்கி, "உள்ள வந்து மிச்சத்தப் பேசு வாத்தியாரே" என்பார்.

சிறுத்தையின் வால் சரியாக வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்.

தனபாக்கியம் ஆட்டோவில் கூட்டிவந்தாள். வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் ஊன்றுகோல். என்னைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஜெரால்டு எழுந்து நின்றுவிட்டார். மோட்டார் விற்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். பல் மருத்துவமனையில் தூசியே கிடையாது.

நிலோஃபர் சிறுத்தையை அவர் முன் வைத்து, நான் எழுதிக்கொடுத்ததை விளக்கினார். அவர் பொம்மையை எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தார். முகத்தில் ஏதோ வந்தது. சிரிப்பு என்று நினைத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. காட்டு முகப்பில் இரண்டு காவல் பூதங்கள். விதிப்படி, எசமானன் ஆணையிட்டால்தான் விலங்கு செயல்படும். அதனால் ஆணையிட்டேன். "சிறுத்தையே, போ" என்றேன். "நில்" என்றேன். "பாய்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் விதிப்புத்தகத்தின் பக்க எண்ணையும் சொன்னேன், அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. அவர் இடது கையால் பகடை உருட்டினார். முதல் முறை, இரண்டாம் முறை. மூன்றாம் முறை நான் "இங்கே வா" என்றேன்.

சென்னியப்பன் பகடையை வைத்தார். பொம்மையை எடுத்தார். வாய் கொப்பளிக்கும் காகிதக் கோப்பையில் தலைகீழாகப் போட்டார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்புறம்" என்றார், தனபாக்கியத்தைப் பார்த்து. அந்த ஒரு "அப்புறம்" எனக்கும் புரிந்தது.

வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது தனபாக்கியம் என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இத்தன வருசமா மேடையில எதிர்க்க எதிர்க்க உக்காந்தீங்க. ஒரு நாள் அவரு உங்களுக்கு எறங்கி வந்திருப்பாருங்களா? வாய் போச்சுன்னு கட்டி மேய்க்கப் பாத்தீங்களே அண்ணா."

விதியை எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, ஆட்டோ வந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

விலங்குத் துணை பற்றிய அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். எல்லாம் விதிப்படிதான் செய்திருக்கிறேன். ஒரு இடத்திலும் தப்பில்லை.

சிறுத்தையைக் கழுவிக் காயவைத்தேன்.

ஜூன் 25, புதன்

அவர் வீட்டுக்குப் போனேன். ரேஞ்சரின் தாளையும் சிறுத்தையின் சீட்டையும் எடுத்துக்கொண்டேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று தயார் செய்தேன். முன்னுரை, மூன்று காரணங்கள், ஒரு நகைச்சுவை, வருத்தம், முடிவுரை.

தனபாக்கியம் கதவைத் திறந்தாள். உள்ளே கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். என் சத்தம் கேட்டதால் இருக்கும், அவர் ஏற்கெனவே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். ஸ்டூலில் இரண்டு தாள்களையும் வைத்தேன். சிறுத்தையை மேலே வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

முன்னுரை ஞாபகம் இருந்தது. காரணங்கள் ஞாபகம் இருந்தன. எதைச் சொன்னாலும் அந்த முதுகிடம் இன்னொரு ஆணையிடுவதுபோல இருக்கும் என்று பட்டது. உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். நான் இருக்கும் அறை ஒன்று இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் முடியாது.

நான் போய்விட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் திரும்பினார்.

என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார். அப்போதும் நான் பேசவில்லை. மெல்ல, படுக்கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். உதவலாமா என்று எழுந்தேன். கண்ணாலேயே உட்காரச் சொன்னார். மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கும் அதே மௌனம் அந்த அறையை நிறைத்தது. அது தந்திரமாக இருக்க வாய்ப்பில்லை. நான் ஒருத்தன்தான் கூட்டம்.

இடது கையை நீட்டி ரேஞ்சரின் தாளை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எழுத்துகள் அவருக்கு இப்போது மெதுவாகத்தான் பிடிபடுகின்றன, எண்கள் சீக்கிரம். பதினேழில் நின்றார். எட்டில் நின்றார். தாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு சிறுத்தையின் சீட்டை ஸ்டூலின்மேல் என் பக்கமாக நகர்த்தினார். பொம்மையை அதன்மேல் நிறுத்திவைத்தார், முகம் என்னைப் பார்க்கும்படி.

தனபாக்கியம் காப்பியோடு வந்து, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அப்படியே நின்றாள்.

"என்னங்கண்ணா பேசுனீங்க?"

ஒன்றும் பேசவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. என்னைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

நடுவரின் தீர்ப்பு ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட்டது. "சிறுத்தைக்குப் பேச்சு கிடையாது சார். ஆட்டம் முடியற வரைக்கும்."

எனக்கு ஒரு ஆட்சேபம் இருந்தது. சொல்ல முடியவில்லை.

தனபாக்கியத்தோடு வந்திருந்த சென்னியப்பனின் கையில் இருந்த ரேஞ்சரின் தாளை ஜெரால்டு எட்டிப் பார்த்தார். தாளைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அடப்பாவி சார், இத நீங்க யாருக்காகப் பண்ணீங்கன்னு இப்பத்தானுங்க தெரியுது" என்றார். அது தற்செயல் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். சிறுத்தைக்கு எழுதவும் தெரியாது என்று பேனாவை வாங்கிக்கொண்டார் நடுவர்.

காட்டுக்குள் போனோம். சென்னியப்பன் முன்னால். இடது உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. விரல்களை மடக்கினால் நில். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நிலோஃபர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறை, சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம், மேலே டியூப்லைட். அதற்குள் மரங்கள் வளர்ந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், இலைகளின் ஈரம் எனக்குத் தெரிந்தது.

பள்ளத்துக்கு வந்தோம். டிராகன் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு தாடியும் சில எலும்புகளும் கிடப்பதாக நடுவர் சொன்னார். என்னுடையவை. முகர்ந்து பார்த்தேன்.

பள்ளத்தைக் கடந்தால்தான் மறுபுறம் உள்ள ஊர். சத்தம் வந்தால் எல்லாரும் காலி. சென்னியப்பன் திரும்பி, ஜெரால்டின் சட்டைப் பொத்தானை விரலால் தட்டினார். ஜெரால்டுக்குப் புரிந்து முகம் வெளுத்தது. "கவசத்தையா? அத வாங்க ஒரு வருசம் ஆடியிருக்கேனுங்களே" என்று முனகினார். சென்னியப்பன் மறுபடி தட்டினார். குள்ளன் கவசத்தைக் கழற்றினான்.

நடுப் பள்ளத்தில் டிராகன் தலையைத் தூக்கியது. "மோப்பம் இல்ல, கண்ணும் இல்ல. ஆனா கேக்குது. உங்க பக்கம்தான் காதைத் திருப்புது" என்றார் நிலோஃபர்.

இந்த இடத்தில் சிறுத்தை பாய வேண்டும். நான் கட்டிய பாத்திரம் அதற்காகத்தான்: திடீர்ப் பாய்ச்சல், இரட்டைத் தாக்குதல், பக்கம் தொண்ணூற்று நான்கு. கழுத்தை நீட்டி, கண்ணால், புருவத்தால், என்னிடம் இருந்த எல்லாவற்றாலும் சென்னியப்பனிடம் சொன்னேன். அவர் விரல்களை மடக்கினார். நில்.

நின்றேன்.

அவர் மேஜையிலிருந்து ஒரு பகடையை எடுத்தார். உருட்டப்போகிறார் என்று நினைத்தோம். உருட்டவில்லை. மேஜைக்கு அப்பால், எங்கள் எல்லாருக்கும் பின்னால், அலமாரிமேல் இருந்த எவர்சில்வர் ட்ரேயைப் பார்த்தார். பழகாத இடது கையால் எறிந்தார்.

பகடை ட்ரேயில் விழுந்து கணகணவென்று அறை முழுக்க அதிர்ந்தது. நாங்கள் அத்தனை பேரும் திரும்பினோம். நடுவரும் திரும்பினார். தனபாக்கியத்தின் கை வாய்க்குப் போனது.

நிலோஃபர் ட்ரேயிலிருந்து கண்ணை எடுத்தார். "டிராகன்..." என்றார். "டிராகன் அந்தப் பக்கம் போயிருச்சு."

"என்ன நம்பர் விழுந்துச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்றார் ஜெரால்டு, கிசுகிசுப்பாக.

"வேண்டாம்."

கடந்தோம். ஒவ்வொரு பொம்மையாக அவர் இடது கையாலேயே எடுத்து மறுகரையில் வைத்தார். குள்ளன், ரேஞ்சர். கடைசியாகச் சிறுத்தை.

"ஆட்டம் முடிஞ்சுது. சார், இப்பப் பேசலாம்" என்றார் நடுவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எதுவும் அந்த ட்ரேயின் சத்தத்துக்கு ஈடாக இல்லை. சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். தனபாக்கியம் பின்னால், அவர் முன்னால். மேட்டுப்பாளையம் ரோட்டில் நல்ல நெரிசல். யாரும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது அவர் ரேஞ்சரின் தாளை விரித்துப் பார்த்து, மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் இறங்கினார்கள். தனபாக்கியம் பூட்டைத் திறக்க முன்னால் போனாள். அவர் ஊன்றுகோலோடு மெதுவாகக் கேட்டுவரை போனார். நான் காரை ரிவர்ஸ் எடுக்கப் போனேன்.

கேட்டில் நின்று திரும்பினார். கூட்டம் அடங்குவதற்குக் காத்திருப்பதுபோல நின்றார். நான் எஞ்சினை அணைத்தேன். ஊன்றுகோலைக் கேட்டில் சாய்த்துவிட்டு இடது கையைத் தூக்கி, விரல்களைத் தன் பக்கமாக இரண்டு முறை மடக்கினார்.

சிறுத்தை காரைப் பூட்டிவிட்டு உள்ளே போயிற்று.